படரும் ஆப்பிரிக்கன் வயலட்டுக்குத் தொட்டி மாற்றுவது எப்படி? முழு வழிகாட்டி

ஆப்பிரிக்கன் வயலட் வளர்க்கும் பெரும்பாலானோரிடம் இருப்பது ஒற்றைக் குருத்து வகை. நடுவில் ஒரே குருத்து, சுற்றிலும் வட்டமாக இலை, மேலே பூங்கொத்து. அதற்கான அறிவுரைதான் எங்கே தேடினாலும் கிடைக்கிறது: பக்கத்தில் குருத்து வந்தால் உடனே எடுத்துவிடு, கழுத்து (கீழ் இலை உதிர்ந்த மொட்டைத் தண்டு) நீண்டால் ஆழமாகப் புதைத்துவிடு, வருடத்துக்கு ஒருமுறை பெரிய தொட்டிக்கு மாற்று. இதை அப்படியே படரும் வகைக்குச் செய்தால் செடி பாழாகிவிடும். ட்ரெய்லர் எனப்படும் படரும் வகை பல குருத்துகளோடு வளரும் செடி. பக்கக் குருத்துகளை எடுக்க எடுக்க அதன் அழகைத்தான் எடுக்கிறீர்கள். அமெரிக்க ஆப்பிரிக்கன் வயலட் சங்கத்தின் போட்டிகளில் ஒரு செடியை ட்ரெய்லர் என்று வைக்க வேண்டுமானால், குறைந்தது மூன்று குருத்துகளாவது இருக்க வேண்டும் என்பது விதி.

படரும் வகைக்குத் தேவை பெரிய தொட்டி இல்லை, புது மண்கலவைதான். தொட்டி மாற்றுவது என்று நான் இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதே அளவுத் தொட்டிக்குள், சில சமயம் அதைவிடச் சின்னத் தொட்டிக்குள், பழைய கலவையை நீக்கிப் புதியதைப் போடுவதைத்தான்.

ஏன் இப்படி என்பது செடி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியும். இதன் சொந்த ஊர் தான்சானியாவின் உசாம்பரா மலைகளும் அவற்றை ஒட்டிய மலைக்காடுகளும், கென்யாவின் ஒரு சிறு பகுதியும். 1892-ல் அங்கே இருந்த ஜெர்மானிய அதிகாரி வால்டர் ஃபான் செயின்ட் பால் இதைக் கண்டு ஜெர்மனியில் இருந்த தன் தந்தைக்கு அனுப்பினார். 1893-ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மன் வென்ட்லாண்ட் அந்தக் குடும்பப் பெயராலேயே செயின்ட்பாலியா என்று பெயரிட்டார். 2015-ல் தாவரவியலாளர்கள் இதை ஸ்ட்ரெப்டோகார்பஸ் பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள், வளர்ப்பவர்கள் பழைய பெயரை விடவில்லை. இந்தக் காட்டுச் செடிகள் நிழலான பாறை இடுக்குகளில், பாசியிலும் கொஞ்சமாகச் சேர்ந்த இலைமக்கிலும் வேர் ஓட்டி வாழ்பவை. ஆழமான மண்ணையே அவை பார்த்ததில்லை. அவற்றில் க்ரோட்டேய் போன்ற சில வகைகளின் தண்டு நீண்டு தவழ்ந்து போகும். அந்தப் படரும் குணம் இனக்கலப்பு வழியாக இன்றைய வீட்டுச் செடிகளுக்கு வந்தது. நியூயார்க் மாநிலத்தின் டால்ஜ்வில் ஊரில் பண்ணை வைத்திருந்த லிண்டன் லயன் இதில் முன்னோடி. அவருடைய ‘பிக்ஸி ப்ளூ’ இன்னமும் பலர் வீட்டில் பூக்கிறது. ஆக, மேலோட்டமான வேர், காற்றோட்டமான கலவை, பக்கவாட்டில் பரவ இடம், இந்த மூன்றையும் கொடுத்தால் செடி உங்களுக்கு ஒத்துழைக்கும்.

எப்போது மாற்ற வேண்டும்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்லது, அதிகபட்சம் ஒரு வருடம். அதற்கு மேல் போனால் கலவை இறுகிவிடும், உரத்தின் உப்பு சேர்ந்துவிடும். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவம், நடுக்குருத்தின் இலைகள் வர வர சிறியதாகக் குறுகுவது, தண்ணீர் ஊற்றியதும் உறிஞ்சாமல் ஓரமாக வழிந்து ஓடுவது, கீழே இலை உதிர்ந்து தண்டு மொட்டையாகத் தெரிவது, இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் ஆறு மாதம் ஆகவில்லையே என்று பார்க்க வேண்டாம், வேலையை ஆரம்பித்துவிடலாம்.

பருவம் முக்கியம். சமவெளியில் இருப்பவர்கள் நவம்பரில் தொடங்கி பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வேரைத் தொடவே கூடாது. வெட்டுப்பட்ட வேரும், வெக்கையும், ஈரமும் சேர்ந்தால் அழுகல் நிச்சயம். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு இது தலைகீழ்: குளிர் குறைந்த பிறகு, மார்ச்சுக்கு மேல் செய்வதுதான் சரி, இரவில் 15 டிகிரிக்குக் கீழே போகும்போது புது வேர் விடாது. டொராண்டோ, லண்டன் வீடுகளிலும் ஜன்னலோரத்தில்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் வசந்தம் வரும்வரை பொறுங்கள்.

கலவை

தோட்ட மண், செம்மண், எரு எதுவும் வேண்டாம். மண்புழு உரம்கூட வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சின்னக் கறுப்பு ஈக்களை வரவழைக்கும். வெளிநாடுகளில் பீட் மாஸ் போடுகிறார்கள், நமக்குக் கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) போதும். ஆனால் கடையில் வாங்கிய கட்டியை அப்படியே ஊறவைத்துப் போடக்கூடாது. தேங்காய் நாரில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். பெரிய வாளியில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தேநீர் நிறத்தில் இறங்கும் தண்ணீர் ஏறக்குறையத் தெளியும்வரை அலசுங்கள். முடிந்தால் கடைசி முறைக்கு முன்பு கால்சியம் நைட்ரேட் கொஞ்சம் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும், நாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தைக் கால்சியம் வெளியே தள்ளிவிடும். வெறும் தண்ணீரில் இது முழுதாகப் போகாது.

அளவு என்று பார்த்தால் கோகோபீட் ஒரு பங்கு, பெர்லைட் (வெள்ளையான, எடையில்லாத எரிமலைக் கண்ணாடித் துணுக்கு) ஒரு பங்கு, வெர்மிகுலைட் (சூடாக்கிப் பொரித்த, ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்) ஒரு பங்கு. திரி வைத்துத் தண்ணீர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் (அந்த முறையைப் பின்னால் சொல்கிறேன்) பெர்லைட்டை இரண்டு பங்காக்குங்கள். மழைக்காலத்தில் ஈரம் காயாத வீடுகளுக்கும் இதே இரண்டு பங்குதான். பெர்லைட் பையைத் திறந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் கையாளுங்கள், அந்தத் தூசு மூச்சுக்குள் போவது நல்லதில்லை. கலந்த பிறகு கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள், தண்ணீர் சொட்டக்கூடாது, பிடியைத் திறந்ததும் தானாக உதிர வேண்டும். நான் பார்த்தவரை செடி செத்துப்போனதாகச் சொல்பவர்களில் பாதிப்பேருக்கு இந்தக் கலவைதான் பிரச்சினை, உரமோ பூச்சியோ இல்லை.

தொட்டி

அகலமாக, ஆழம் குறைவாக. சின்ன இலை ட்ரெய்லர்களுக்கு நாலு அங்குல அகலமும் இரண்டரை அங்குல ஆழமும் போதும், பெரிய இலை வகைக்கு ஆறு அங்குல அகலம், மூன்று அங்குல ஆழம். கடையில் இந்த அளவில் தொட்டி கிடைக்காவிட்டால் இனிப்புக் கடை பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் சூடான கம்பியால் நாலைந்து ஓட்டை போட்டுக்கொள்ளலாம். மண் தொட்டி எனக்குப் பிடிக்கும்தான், இந்தச் செடிக்கு மட்டும் வேண்டாம். விளிம்பில் உப்பு ஊறிவந்து அதன்மேல் சாய்ந்திருக்கும் இலைக்காம்பை அழுகச் செய்யும், படரும் செடியில் எல்லாக் காம்பும் விளிம்பில்தான் சாய்ந்திருக்கும். பெரிய தொட்டி வைத்தால் என்ன ஆகும்? வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கும், அங்கே அழுகல் பூஞ்சை வரும், அது செடிக்கு ஏறும்.

மாற்றும் நாள்

முந்தைய இரண்டு மூன்று நாள் தண்ணீர் விடாதீர்கள். இலை லேசாகத் துவண்டிருந்தால் வளையும், தண்ணீர் ஏறி விறைப்பாக இருந்தால் பட்டென்று ஒடியும். ட்ரெய்லரில் நாலைந்து குருத்துகளை ஒரே கையில் பிடித்தாக வேண்டும் என்பதால் இது ரொம்பவும் உதவும்.

முதல் வேலை, பூவையும் மொட்டையும் எல்லாம் எடுத்துவிடுவது. மனசு வராது, ஆனாலும் எடுங்கள். புது வேர் விட வேண்டிய செடிக்குப் பூ ஒரு சுமை. அடுத்து, பழுத்த இலை, கறை பட்ட இலை, குருத்துக்குக் கீழே தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் பழைய இலை, இவற்றைப் பக்கவாட்டில் சாய்த்துக் காம்போடு எடுங்கள். பாதிக் காம்பை விட்டுவைத்தால் அது அழுகி வழி திறந்துவிடும்.

இப்போது தொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டி, செடியை வேர்க்கட்டியோடு வெளியே எடுங்கள். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, நூல்போல மெல்லியதாக இருக்கும். பழுப்பாக, தொட்டால் வழவழவென்று உரிந்து வந்தால் அழுகல். வேர்க்கட்டிக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே வெள்ளையாக, மாவு தூவியதுபோல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெர்லைட் துணுக்கு உருண்டையாக, கெட்டியாக இருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும். இது பஞ்சுபோல நசுங்கும். அப்படி இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. அந்தச் செடியின் வேரைக் காப்பாற்ற முயல வேண்டாம், நுனிக் குருத்துகளை மட்டும் வெட்டிக் கழுவி வேர்பிடிக்க வையுங்கள், மீதி எல்லாம் கட்டிய பையில் குப்பைக்குப் போகட்டும், தொட்டி உட்பட.

வேர் நன்றாக இருந்தால் பழைய கலவையை விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு, வேர்க்கட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்கைச் சுத்தமான கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், வெட்டிய இடத்திலிருந்து புது வேர் கிளைக்கும். இப்படி அடியைக் குறைப்பதால் செடி தொட்டிக்குள் கொஞ்சம் கீழே இறங்கி உட்காரும், மொட்டைக் கழுத்தும் மறையும்.

மொட்டைத் தண்டு நீளமாக இருந்தால்தான் ஒற்றைக் குருத்து வகைக்கும் இதற்கும் வித்தியாசம் வருகிறது. அங்கே நேராக ஆழப் புதைப்பார்கள். இங்கே தண்டைப் படுக்க வையுங்கள். பழுப்பான மேல்தோலைக் கத்தியின் முதுகால் லேசாகச் சுரண்டி, உள்ளே பச்சை தெரிந்ததும் நிறுத்தி, அந்தப் பகுதி கலவையில் படும்படி தண்டைச் சாய்த்து, மேலே ஒரு விரல் கனத்துக்குக் கலவை போட்டு மூடுங்கள். குருத்து மட்டும் வெளியே இருக்கட்டும். மல்லிகைக்குப் பதியம் போட்டவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், அதே வேலைதான். தண்டு மேலே எழும்பினால் தலைமுடிக்குக் குத்தும் ஹேர்பின்னைக் கவிழ்த்துக் குத்தி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பூச்சுள்ள மெல்லிய கம்பியைக் கொண்டையூசி மாதிரி வளைத்துக்கொள்ளலாம். ஓரிரு மாதத்தில் அந்த இடத்திலேயே வேர் விட்டுவிடும், பிறகு பின்னை எடுத்துவிடலாம்.

நடும்போது குருத்துகளை எல்லாப் பக்கமும் சமமாகப் பிரித்து வையுங்கள், ஒரே பக்கம் சாய விடாதீர்கள். கலவையை விரலால் அழுத்தவே வேண்டாம். தொட்டியை மேசையில் இரண்டு தட்டு தட்டினால் தானாக இறங்கி உட்காரும். நாலைந்து கரண்டித் தண்ணீர் மட்டும் சுற்றிலும் விட்டு, முழுத் தொட்டியையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயைத் தளர்வாகக் கட்டுங்கள். வேர் குறைந்த செடிக்கு இலைவழியாகத் தண்ணீர் இழப்பைத் தடுக்க இதுதான் வழி. ஒரு வாரம் பத்து நாள் இருக்கட்டும், நேர் வெயில் படாத வெளிச்சத்தில். பையின் உள்ளே தண்ணீர் வடியும் அளவுக்குக் கோத்தால் கொஞ்சம் திறந்துவிடுங்கள். அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாயைப் பெரிதாக்கி வெளியே எடுங்கள். உரம் மூன்று நாலு வாரத்துக்கு வேண்டாம்.

கிள்ளி விடுவது

செடி புது இலை விட ஆரம்பித்ததும் கிள்ளலாம். நீளமாக ஓடும் குருத்தின் நட்ட நடுவில் இருக்கும் மிகச் சிறிய இலைகளைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டால், கீழே உள்ள இலை இடுக்குகளிலிருந்து புதுக் குருத்துகள் கிளம்பும். எல்லாக் குருத்தையும் ஒரே நாளில் கிள்ளாதீர்கள், செடி திணறும். எங்கே வெற்றிடம் தெரிகிறதோ அந்தப் பக்கம் உள்ளதை மட்டும் கிள்ளுங்கள். இலை இடுக்கில் வருவது பூங்கொத்தா குருத்தா என்று சந்தேகம் வந்தால் நாலு இலை தெரியும்வரை விட்டுவையுங்கள், பூங்காம்பில் இரண்டு சின்னச் செதில் இலைகளுக்கு மேல் வராது.

வெளிச்சம், தண்ணீர், உரம்

கிழக்கு ஜன்னலில் காலை வெயில் ஒரு மணி நேரம் மெல்லிய திரைச்சீலை வழியாகப் பட்டால் நல்லது. மேற்கு வெயில் கூடாது. ஜன்னல் வசதி இல்லாதவர்கள் நாலடி எல்ஈடி ட்யூப் லைட்டைச் செடியிலிருந்து 25, 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் பன்னிரண்டு மணி நேரம் எரிய விடுங்கள். இரவில் எட்டு மணி நேரமாவது இருட்டு வேண்டும். காம்பு நீண்டு இலை மேலே கை நீட்டினால் வெளிச்சம் போதவில்லை, இலை வெளிறி நடுவில் இறுகித் தொட்டியை அணைத்துக்கொண்டு கீழ்நோக்கி வளைந்தால் அதிகம். படரும் செடியில் தொங்கும் பகுதிக்கு வெளிச்சம் குறையும், அதனால் வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள்.

தண்ணீர் அறையின் சூட்டிலேயே இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் இலையில் பட்டால் அந்த இடத்தில் பச்சையம் சிதைந்து வெளிறிய வளையங்கள் விழும், அது பிறகு மாறாது. போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள ஊர்களில் மழைத் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. எந்திரம் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உப்பு முழுக்க அதில்தான் இருக்கும். மேல் கலவை தொட்டால் காய்ந்து தெரிந்ததும் தட்டில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் தொட்டியை உட்கார வைத்து, மீதித் தண்ணீரைக் கொட்டிவிடுவது எளிய வழி. மாதம் ஒருமுறை மேலிருந்து ஊற்றி அடிவழியாக ஓடவிட்டு உப்பைக் கழுவிவிடுங்கள்.

அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்குத் திரி முறை வரப்பிரசாதம். பருத்தித் திரி மக்கிப்போகும், அக்ரிலிக் நூலோ நைலான் கயிறோதான் வேண்டும். நனைத்த நூலின் ஒரு முனை தொட்டியின் பாதி உயரம்வரை உள்ளே போகட்டும், மறுமுனை அடி ஓட்டைவழியாக மூடியில் துளையிட்ட டப்பாவின் தண்ணீருக்குள் இறங்கட்டும். தொட்டி தண்ணீரைத் தொடக்கூடாது. டப்பாவுக்குக் கட்டாயம் மூடி இருக்க வேண்டும், திறந்த தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும்.

உரத்துக்கு நம்ம கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 19:19:19. அதில் தழைச்சத்தின் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது, வயலட் வேருக்கு யூரியா அவ்வளவாக ஒத்துவராது என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். யூரியா கலக்காத உரம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எதுவானாலும் நாலு லிட்டர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம்.

இந்தச் செடிக்குப் பிடித்த வெப்பம் 18-லிருந்து 27 டிகிரிவரை. 30-ஐத் தாண்டினால் மொட்டு கருகும், பூ சிறுத்துவிடும். சென்னை, மதுரைக் கோடையில் பூவை எதிர்பார்க்காமல் உயிரோடு கடத்துவதுதான் இலக்கு: உரத்தை நிறுத்துங்கள், திரியை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள், வீட்டிலேயே குளுமையான அறையின் தரையோரம் வையுங்கள். ஏசி அறை நல்லது, காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடம் மட்டும் வேண்டாம்.

பூச்சியும் நோயும்

நடுக்குருத்து இறுகி, சாம்பல் நிறத்தில் முடி அடர்ந்து, புது இலை சுருண்டு நொறுங்கினால் அது கண்ணுக்குத் தெரியாத சைக்ளமென் சிலந்திப்பேன். அந்தச் செடியை உடனே தனியே எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் தூக்கிப் போடுவதே மற்றச் செடிகளுக்குப் பாதுகாப்பு. பூவின் மகரந்தம் மஞ்சளாக இதழில் சிந்திக் கிடந்தால் இலைப்பேன். பூவை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், மெல்லிய கோடுபோல் ஓடும். அது மகரந்தத்தைத் தின்று பெருகுவதால் இரண்டு மூன்று மாதம் எல்லா மொட்டையும் கிள்ளி எடுப்பதே பாதி மருந்து. வேப்பெண்ணெய் தெளித்தால் மாலையில் தெளித்து, இலை காயும்வரை இருட்டில் வையுங்கள், ரோமமுள்ள இலையில் எண்ணெயும் வெளிச்சமும் சேர்ந்தால் கருகும். இலையில் சாம்பல் பூத்தால் காற்றோட்டம் குறைவு, சின்ன மின்விசிறி வைத்தால் போதும்.

நுனியிலிருந்து புதுச் செடி

என்னதான் பார்த்தாலும் மூன்று நாலு வருடத்தில் நடுத்தண்டு முற்றிக் கட்டையாகிவிடும். அதற்கு முன்பே நாலு முதல் ஆறு இலையுள்ள நுனிக் குருத்தை ஒரு அங்குலத் தண்டோடு வெட்டி, ஈரமான வெர்மிகுலைட்டும் பெர்லைட்டும் கலந்த தயிர் கப்பில் நட்டு, மூடி போட்ட ஒளி ஊடுருவும் டப்பாவில் வைத்தால் மூன்று நாலு வாரத்தில் வேர் பிடிக்கும். இலையை நட்டும் செடி வரும்தான், ஆனால் குட்டி வந்து பூக்க ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். இதழ் நடுவே பட்டை ஓடும் கைமேரா வகையில் இலையிலிருந்து வரும் குட்டி தாயைப்போலப் பூக்காது, நுனிக் குருத்தில் வளர்முனை அப்படியே இருப்பதால் அது மாறாது. அவசரமென்றால் மூன்று நுனிகளை ஒரே தொட்டியில் முக்கோணமாக நடலாம், சீக்கிரம் நிறைந்துவிடும். போட்டிக்கு வைப்பவர்கள்தான் ஒரே செடியிலிருந்து எல்லாக் குருத்தும் வர வேண்டும் என்று கவலைப்பட வேண்டும்.

நடும்போதே கப்பின்மேல் வகையின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள். பூக்காத நேரத்தில் ‘ராப்ஸ் பூலரூ’வையும் அதே அளவு இலையுள்ள வேறொரு ட்ரெய்லரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கைபழகியவர்களாலும் சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது.